திலகவதிக்கு வாய்த்த வீசிங்

சாம்பார் வாளிக்காரன் நகர்ந்து ரசக்காரன் வந்து சேருவதற்குள் தேவநாதன் தன் மனைவிக்கு வீசிங்கை வரவழைத்துவிட்டார்.

சிதம்பரத்தில், மைத்துனன் பாலகுமாரின் பங்காளி வீட்டுக் காதுகுத்து அது. 2010ஆம் வருடத்துக் கத்திரி வெயில். மண்டபத்தில் கரண்ட் போயிருந்தது. பந்தியில் இருந்தவர்கள் இடது கையால் கர்ச்சீப்பை விசிறிக்கொண்டே வலது கையால் சாப்பிட்டார்கள். தேவநாதனின் சட்டை முதுகோடு ஒட்டி, உள்ளே போட்டிருந்த பனியனின் ஓட்டைகள்கூட வெளியே தெரிந்தன. கடலூரில் ஓர் அரசாங்க ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து, சில மாதங்களுக்கு முன்புதான் சந்தன மாலையோடும் சுவர்க் கடிகாரத்தோடும் ஓய்வு பெற்றிருந்த உடம்பு. அதற்கு இப்படியொரு வியர்வை தகாது என்பது அவருடைய அபிப்பிராயம்.

“மாமா, வீட்ட வாடகைக்கு வுட்டுட்டு ஓசூர் போறீங்களாமே, நெசமா?” என்றான் பக்கத்து இலையில் இருந்த பாலகுமார்.

“யோசன இருக்கு மச்சான்.”

“அங்க யாரு இருக்கா நமக்கு?”

“யாருமில்ல. கிளைமேட் நல்லாருக்கும்.”

பாலகுமார் சோற்றைப் பிசைவதை நிறுத்தி மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். “எங்களுக்கு மட்டும் இங்க என்னா மார்கழியா மாமா நடக்குது?”

பந்தியின் இரு பக்கமும் சிரித்தார்கள். எதிர் வரிசையில் இருந்த கலியமூர்த்தி மாமா அப்பளத்தை நொறுக்கிய கையோடு நிமிர்ந்தார். கல்யாணம், கருமாதி எதுவானாலும் மைக் இல்லாமலே வாழ்த்துரை வழங்கக்கூடியவர் அவர். அவர் நிமிர்ந்தால் அந்தப் பேச்சு ஜில்லா முழுக்கப் போய்ச் சேரும். தேவநாதனுக்குக் காது மடல் சுட்டது. இந்தப் பக்கத்தில் மனிதர்கள் ஊரை விட்டுப் போவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. வேலைக்காகப் போவார்கள், பிள்ளையோடு இருக்கப் போவார்கள், பங்காளிச் சண்டையில் போவார்கள். கட்டிய மனைவி இருக்க இன்னொருத்தியோடு போனவனைக்கூட நாலு மாதம் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். வேர்க்கிறது என்று யாரும் போனதில்லை. அப்படிச் சொல்வது, வேர்வையோடு உட்கார்ந்திருக்கும் இத்தனை பேரையும் முட்டாள் என்று பந்தியில் வைத்துச் சொல்வதற்குச் சமம்.

“எனக்காகவா போறேன்?” என்றார் தேவநாதன். “ஒங்க அக்காவுக்குத்தான் மூச்சு ஒத்துக்கல. வீசிங். கடக்காத்தே ஆவாதுன்னுட்டாரு டாக்டர்.”

சிரிப்பு நின்றது. கலியமூர்த்தி மாமா “த்சொ த்சொ” என்றார். பாலகுமார் இலையைப் பார்த்தபடி, “அக்கா ஒரு வார்த்த சொல்லலியே மாமா” என்றான். குரலே மாறியிருந்தது. பெண்கள் வரிசையில் அந்த நேரத்தில் திலகவதி, பாயசக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாண மண்டபத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்கக்கூடிய கைத்தட்டல் அது. அதற்குப் பின்னால் இருந்த நுரையீரலில் ஒரு குறையும் கிடையாது.

உண்மையில் இந்த இடமாற்றத்துக்கு அவர் பெண் பார்ப்பது போலத்தான் ஊர் பார்த்திருந்தார். பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு வானிலைப் பெட்டியைத் தேடுவார். ஊட்டியின் எண்ணைக் கடலூரின் எண்ணோடு ஒப்பிட்டு, சொத்தில் ஏமாற்றப்பட்ட பங்காளி மாதிரிப் பெருமூச்சு விடுவார். ஊட்டி எடுப்பான இடம்தான், ஆனால் விறைப்பு. வயதான எலும்புக்குச் சரிப்படாது. கொடைக்கானலுக்கு வந்து போகிறவர்கள் அதிகம். ஏற்காட்டுக்குக் குரங்குத் தோஷம். பெங்களூர் பெரிய இடம், நம் தகுதிக்கு மேல். கோயம்புத்தூரில் அவருடைய தங்கை இருந்தாள். அது ஒன்றே போதும், அந்த ஜாதகத்தை மூடி வைக்க. கடைசியில் ஓசூர். வருஷம் முழுக்க ஒரே சீரான குணம். தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் செல்லும். பொருத்தம் பார்த்து முடித்துவிட்டார். திலகவதியைக் கேட்டாரா என்றால், பெண் பார்க்கும்போது பழைய மனைவியை யார் கேட்கிறார்கள்?

காதுகுத்து முடிந்து கடலூர் பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டாள். “எங்க சித்தி பொண்ணு தூதுவள ரசம் வச்சிக் குடின்னுது. என் தம்பி பொண்டாட்டி அமிர்தம் என்னான்னா, ஐஸ்கிரீம் கப்ப என் கையிலேருந்து புடுங்கி வச்சிட்டா. எனக்கு எப்பலேருந்துங்க வீசிங்?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“பேச்சுக்குன்னா ஒங்களுக்குன்னு சொல்லிக்கறது.”

“ரிட்டயர் ஆன ஒடனே ஒடம்பு போயிடுச்சின்னு ஆபீஸ்ல பேசிக்குவானுங்க திலகா.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். “சரி, மூச்சு எப்பிடி இளைக்கணும், அதச் சொல்லிக் குடுங்க. கேக்கறவுங்ககிட்ட மாத்திக் கீத்திச் செஞ்சிடப் போறேன்.”

அன்றைக்கு அவள் கோபப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் சிரித்தது அவருக்கு அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சிரிப்பைப் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தார். தட்டு நிறைய அள்ளி வைத்தவள் சாப்பிட்டாளா என்று கேட்காமலே தான் சாப்பிட்டு முடித்தவனின் நினைப்பு அது.

ஆப்பிளும் ஹார்லிக்சுமாக ஆட்கள் வந்தார்கள். பண்ருட்டியிலிருந்து வந்த ஒரு பெரியப்பா, நெய்வேலியில் தன் சிநேகிதன் இப்படித்தான் மூச்சிரைத்துச் செத்தான் என்று ஆறுதல் சொன்னார். தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் பூவம்மாள், “கடக்காத்துல மூச்சு நின்னவுங்கள நான் பாத்ததில்லியே ஐயரே” என்று தேவநாதனைப் பார்த்துச் சொன்னாள். பெரிய மனுஷர்கள் எல்லாரும் அவளுக்கு ஐயர்தான். அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார். துபாயில் இருந்த மகன் ஜெயப்பிரகாஷ் பதறிப்போய், மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கும் மிஷின் ஒன்றை அனுப்பிவைத்தான். பெற்ற பிள்ளையிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளை தன் மாமாவிடம் சொல்வான். ஆகவே சொல்லவில்லை. மிஷின் அட்டைப் பெட்டியைப் பிரிக்காமலே ஓசூர் போய்ச் சேர்ந்து, கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது.

ஓசூர் பேப்பரில் சொன்ன மாதிரியே இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. மே மாதத்தில் போர்வை. காலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து, தேவநாதன் ஒவ்வொருவராகப் போன் போடுவார். “இங்க ஃபேனே மாட்டல” என்பார். எதிர்முனையில் “அக்காவுக்கு எப்பிடி மாமா இருக்கு?” என்று கேட்டதும் குரலை இறக்கிக்கொண்டு, “இருக்கா… பரவால்ல” என்பார். ஒரே மூச்சில் பெருமையும் துக்கமும் பேசுவதில் நல்ல தேர்ச்சி வந்திருந்தது. சமையல்கட்டிலிருந்து திலகவதி கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுடைய கூழ் வத்தல் மாடியில் வாரக்கணக்கில் கிடந்தும் காயாமல் பூஞ்சை பிடித்தது. “இந்த ஊரு சூரியன் ஆபீசர் மாதிரி வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடறான்” என்று சொல்லி வாரிக் கொட்டினாள். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம். அவள் இரண்டு வீட்டையும் பார்த்துச் சிரிப்பாள், அவர்களும் சிரிப்பார்கள். ஒரு நாளில் அவள் வாயிலிருந்து வரும் வார்த்தைகள் குறைந்துகொண்டே போனதை அவர் கவனித்தார். கவனித்துவிட்டு, மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடக்கப் போனார்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. டிவியில் கடலூரைக் காட்டினார்கள். சாய்ந்த மரங்களுக்கு நடுவே எந்தத் தெரு என்றே தெரியவில்லை. கூரைத் தகரங்கள் ரோட்டில் கிடந்தன. யாருக்கும் போன் போகவில்லை. திலகவதி செல்போனைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. தேவநாதன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சூடான காபியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. கம்பளியை எடுத்துவிட்டார். குளிர்ந்தது. மறுபடி போர்த்திக்கொண்டார்.

லைன் கிடைத்தபோது பாலகுமார் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “பண்ருட்டித் தோப்புல ஒரு முந்திரி நிக்கல மாமா. பலா, தாத்தா வச்சது, அதுவும் போச்சு. சுனாமிக்குக்கூட தப்பிச்சோம். ஒங்க வீட்டு வேப்பமரம் மாடி மேல சாஞ்சிடிச்சி, குடியிருக்கறவுங்களுக்கு ஒண்ணும் இல்ல, நானே ஆளு வச்சி வெட்டிட்டேன். நல்லவேள மாமா, அக்காவ இட்டுக்கினு நீங்க முன்னாடியே போனீங்க. இந்த ஈரத்துல அது மூச்சு தாங்கியிருக்காது. தெய்வமா பாத்து ஒங்களுக்கு அந்தப் புத்தியக் குடுத்திருக்கு.”

தெய்வத்தின்மேல் பழி விழுந்ததைத் தேவநாதன் மறுக்கவில்லை. “எல்லாம் அவன் செயல்” என்றார்.

அடுத்த வைகாசியில் பாலகுமாரின் மகன் மணிவண்ணனுக்குக் கல்யாணம். சிதம்பரத்துப் பெண், சினேகா. ஒரு வாரம் முன்னாலேயே போயாக வேண்டும் என்றாள் திலகவதி. ஓசூர் வந்தபிறகு அவள் வாய்திறந்து கேட்ட ஒரே விஷயம் அது. காரணம் இருந்தது. தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் நின்று விளக்குப் பிடிப்பது மாப்பிள்ளை வீட்டு நாத்தனாரின் உரிமை. மணிவண்ணனுக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. அப்படியானால் அத்தை. அதில் யாருக்கும் இரண்டாம் பேச்சு கிடையாது. அவன் பிறந்தபோதே, ஆஸ்பத்திரித் தொட்டிலைப் பார்த்துத் திலகவதி சொன்னாளாம்: “வெளக்கு என் கையிலதான்டா.” அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்து, பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுவிட்டு மூடினாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், பாலகுமார் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அந்த விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வீட்டு வெண்கல விளக்கு. மரங்களெல்லாம் போனபிறகு வந்த முதல் கோடை. வெயில் தடுக்க ஆளில்லாமல் நேராக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. தேவநாதன் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தார். ஊருக்கு வந்த நாள் முதல் அவருக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மனதுக்குள் ஓசூர் ரயிலின் நேரத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாலகுமாரின் மனைவி அமிர்தம் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். “அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது. நாளைக்கு ஹோமத்துகிட்ட அண்ணிய நிக்க வக்க வேணான்னு பாக்கறோம். பொகை ஜாஸ்தியா வரும். மண்டபத்துல ஃபேனும் ஓடுமா என்னான்னு தெரியல. அங்க வச்சி மூச்சு முட்டினா யாரு பதில் சொல்றது? எங்க அக்கா பொண்ணு சந்திரலேகா இருக்கா. அவ புடிக்கட்டும்.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. திலகவதி அமிர்தத்தைப் பார்க்கவில்லை. தன் புருஷனைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அவர் சொல்வார் என்று நம்பிக் காத்திருக்கும் பார்வை. தேவநாதனுக்கு அது தாங்கவில்லை.

“அட, அதெல்லாம் ஒண்ணும் வேணாம்மா” என்றார், மோர் டம்ளரைக் கீழே வைத்து. “இப்ப அவளுக்கு நல்லாயிடுச்சு. ஓசூர் காத்து. சுத்தமா சரியாயிடுச்சு. பொகையாவது ஒண்ணாவது.”

சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஒரு லேசான காற்று ஓடிய மாதிரி இருந்தது. உண்மை இல்லைதான், ஆனால் உண்மைக்குப் பக்கத்து வீடு. திலகவதியின் முகம் மலர்ந்தது. அதற்குள் கூடத்திலிருந்து பாலகுமார் ஓடிவந்தான்.

“சரியாயிடுச்சா? என்னா மாமா, இதச் சொல்லவே இல்ல? நான் அக்காவ நெனச்சி நெனச்சி… அப்ப அங்க என்னாத்துக்கு அனாத மாதிரி? வந்துடுங்க. வாடகைக்கு இருக்கறவரு எனக்கு வேண்டியவருதான். இப்பவே ஒரு போன் போட்டு ஆடிக்குள்ள காலி பண்ணச் சொல்லிடறேன். ஆவணில பால் காச்சிடலாம்.” செல்போனை எடுத்தே விட்டான். “போன் அடிக்கட்டுமா மாமா?”

தேவநாதன் அண்ணாந்து பார்த்தார். ஃபேன் நின்றிருந்தது. இறக்கைகளின் ஓரத்தில் கறுப்பாகத் தூசி. கழுத்திலிருந்து ஒரு வேர்வைத் துளி புறப்பட்டு, முதுகெலும்பின் வழியாக, எந்த அவசரமும் இல்லாமல், வேட்டியின் மடிப்புவரை இறங்கியது. ஏரிக்கரையும் மஃப்ளரும் மே மாதத்துப் போர்வையும் கண்முன் வந்தன. யோசித்துத்தான் சொன்னார் என்று சொல்ல முடியாது. வாய் முந்திக்கொண்டது.

“பொறு மச்சான். டாக்டர் என்னா சொல்றார்னா, அங்க இருக்கறவரைக்கும்தான் சரியா இருக்கும். இங்க வந்து சேந்தாப்ல கொஞ்ச நாள் தங்கினா திரும்பிக்குமாம்.”

பாலகுமார் செல்போனைச் சட்டைப் பையில் போட்டான்.

“அதத்தானண்ணே நானும் சொல்றேன்” என்றாள் அமிர்தம். குனிந்து, நாத்தனாரின் கையிலிருந்து விளக்கை மெதுவாக எடுத்தாள். குழந்தையிடமிருந்து கத்தியை எடுக்கும் கரிசனத்தோடு எடுத்தாள். “குடுங்க அண்ணி. புளி நெடிகூட ஒங்களுக்கு ஆவாது.”

திலகவதி கிணற்றடிக் குழாயில் வெகுநேரம் கை கழுவினாள். தேவநாதன் பின்னாலேயே போய் நின்றார். என்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. “ராத்திரிக்குள்ள நான் பேசிச் சரிபண்ணிடறேன்” என்றார்.

“அந்த டாக்டர் பேரு என்னாங்க?”

“எந்த டாக்டர்?”

“அதான், ஒங்ககிட்டச் சொன்னாரே, அவரு. ஊருக்குப் போனதும் நானும் ஒருவாட்டி பாத்துட்டு வரணும். என் ஒடம்பப்பத்தி இவ்ளோ தெரிஞ்சி வச்சிருக்காரு.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் பேசிச் சரிபண்ணவில்லை. சாயங்காலம் கலியமூர்த்தி மாமா வந்து, கூடத்தில் அத்தனை உறவுக்காரர்கள் நடுவில், “பொண்டாட்டி மூச்சுக்காகப் பொறந்த ஊரையே வுட்டவன்யா இந்த மனுஷன். புருஷன் உசிருக்காக எமன் பின்னாடி போனா சாவித்திரி. இவன் ஆம்பள சாவித்திரி” என்று பிரசங்கமே செய்துவிட்டார். பெண்கள் சிலர் தங்கள் புருஷன்மார்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நிலையில் எழுந்து நின்று, நான் வேர்க்குருவுக்குப் பயந்து போனவன் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். தேவநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று, எதிர்பார்த்தபடி, முகூர்த்தத்துக்கு முன்னாலேயே கரண்ட் போனது. ஜெனரேட்டர் மேடை விளக்குக்கும் மைக்குக்கும்தான் தாங்குமாம். நாயனக்காரர் ஊதுகிற மூச்சுக்கும் சேர்த்து வேர்த்துக்கொண்டிருந்தார். பாலகுமார் எங்கேயோ அலைந்து ஒரு ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிவந்தான். ஜெனரேட்டர்காரனிடம் சண்டை போட்டு அதற்கு மட்டும் ஒரு ஒயர் இழுத்தான். முன்வரிசையில் திலகவதிக்கு நேராக வைத்து, கழுத்து ஆடாதபடி மரையை முறுக்கினான். “அக்கா, நீ இந்தக் காத்துலயே இரு. எழுந்திரிக்காத.” பக்கத்து நாற்காலியில் தேவநாதன். மண்டபத்திலேயே காற்று வீசிய இடம் அந்த இரண்டு நாற்காலிகள்தான்.

முதலில் அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளத்தான் நினைத்தார். ஆனால் காற்று நன்றாக இருந்தது. அக்குளில் இறங்கி, முதுகைத் தடவி, வேர்க்குருவின் எரிச்சலைத் தணித்தது. அப்படித் தணிந்ததற்காகவே தன்மேல் ஒரு வெறுப்பு வந்தது. வெறுத்துக்கொண்டே கண்ணை மூடினார்.

“கெட்டி மேளம்” என்று யாரோ கூவினார்கள். கண்ணைத் திறந்தார். திலகவதி எழுந்து நின்றிருந்தாள். ஃபேனின் மரையைத் தளர்த்தி, அதன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து முழுவதுமாக அவர் பக்கம் திருப்பினாள். மறுபடி முறுக்கினாள். அரக்குப் புடவையைச் சரிசெய்துகொண்டு மேடைப் படியில் ஏறிப் போனாள்.

சுற்றும் இறக்கைகளின் ஊடாகத்தான் அவருக்கு மேடை தெரிந்தது. சந்திரலேகா விளக்கோடு நின்றிருந்தாள். புகையில் கண் எரிந்து முகத்தைச் சுளித்தபடி, விளக்கு அணைந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், ஹோமகுண்டத்தின் புகை நேராக வந்து மோதும் இடத்தில், திலகவதி போய் நின்றாள். இரண்டு கைகளும் வெறுமையாகத் தொங்கின. மூக்கை மூடவில்லை. அமிர்தம் பதறிப்போய் அவள் தோளைத் தொட்டு என்னவோ சொன்னாள். திலகவதி தலையை மட்டும் அசைத்தாள். பாலகுமார் மகனைப் பார்ப்பதை விட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிமிர்ந்து நின்று, நிதானமாக, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

தேவநாதன் எழுந்திருக்க முயன்றார். பின்னால் இருந்த யாரோ தோளை அழுத்தி, “ஒக்காருங்க, மறைக்குது” என்றார்கள். தாலி ஏறியது. எல்லாரும் எறிந்தார்கள். அவரும் கையிலிருந்த அட்சதையையும் ரோஜா இதழ்களையும் மேடையைப் பார்த்து வீசினார். அரிசி பாதி தூரம் போய்க் கீழே விழுந்தது. இதழ்களை ஃபேன் திருப்பி அனுப்பியது. அவை நன்றாகக் காய்ந்திருந்த அவருடைய சட்டையில் வந்து மோதி, ஒவ்வொன்றாக மடியில் விழுந்தன.